ஓரடிச் சிப்பாய்

பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் சதுரங்கப் போட்டி எதற்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். கறுப்புக் காய் கிடைத்த பிள்ளைகளில் சிலர், எதிரே இருப்பவர் என்ன ஆடுகிறார் என்று நிமிர்ந்தும் பார்க்காமல் முதல் ஐந்து நகர்வுகளை மளமளவென்று வைத்து முடிப்பார்கள். ராஜா பக்கத்துக் குதிரை எஃப்6க்கு வரும். ஜி வரிசைச் சிப்பாய் ஓரடி நகர்ந்து ஜி6இல் நிற்கும். அது காலி செய்த ஜி7இல் பிஷப் போய் உட்காரும். டி வரிசைச் சிப்பாயும் ஓரடி. பிறகு கேஸ்லிங், ராஜா மூலைக்குப் போய்விடுவார். பலகையின் நடுப்பகுதி முழுக்க வெள்ளையிடம் கொடுத்தாயிற்று. அதை எப்போது, எந்தப் பக்கத்திலிருந்து உடைப்பது என்பதுதான் மீதி ஆட்டம். இந்தத் தொடக்கத்துக்குக் கிங்ஸ் இந்தியன் என்று பெயர்.

கோலார் தங்க வயலில், ராபர்ட்சன்பேட்டையில் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் சொல்லித் தருகிறவன் நான். இந்தத் தொடக்கத்தைப் பிள்ளைகள் போனில் கற்றுக்கொள்கிறார்கள், வீடியோவில் கற்றுக்கொள்கிறார்கள். அதை ஏதோ ரஷ்யாவிலிருந்து வந்த சரக்கு என்று நினைக்கிறார்கள். பாதி உண்மைதான். 1940களில் அதைத் தூக்கி நிறுத்தியவர்கள் சோவியத் ஆட்டக்காரர்கள். போலஸ்லாவ்ஸ்கியும் பிரான்ஸ்டைனும் ஆடிக் காட்டிய பிறகுதான் உலகம் அதை நம்பியது. பின்னால் ஃபிஷரும் காஸ்பரோவும் அதைத் தங்கள் ஆயுதமாகவே வைத்துக்கொண்டார்கள். ஆனால் அதன் வேர் இங்கே இருக்கிறது. எங்கள் அப்பா காலத்து ஆட்கள் சுரங்கத்து லைன் வீடுகளின் வாசலில் உட்கார்ந்து ஆடிய ஆட்டத்துக்கு அது மிகவும் பக்கத்துச் சொந்தம்.

லைன் என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே வேலையைத் தொடங்கியபோது வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் சனம் குடும்பம் குடும்பமாக வந்தது. பெரும்பாலும் நிலமில்லாத தலித் குடும்பங்கள். அவர்களுக்குக் கம்பெனி கட்டிக் கொடுத்த வரிசை வரிசையான குடிசைகள்தான் லைன். முதலில் மூங்கில் தட்டி. வெகு நாள் கழித்துத்தான் சுவர் வந்தது. 1902இல் சிவனசமுத்திரத்து நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் இழுத்து வந்து சுரங்கத்துக்குக் கொடுத்தார்கள். லைனுக்கு விளக்கு வர அதற்குப் பிறகும் காலம் ஆயிற்று. மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போன சாஃப்ட், பாறை வெடித்துச் சாகும் பயம், நுரையீரலில் படியும் கல்தூசி. இத்தனைக்கும் நடுவில் ஒரு ஷிப்டு முடிந்து அடுத்த சங்கு ஊதும்வரை மனுஷனுக்கு ஏதாவது வேண்டும். சிலருக்குச் சாராயம், சிலருக்குச் சங்கம், சிலருக்குப் பஜனை. மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் பௌத்த சங்கமும் வாசிப்பும் செழித்த காலம் அது. அயோத்திதாசர் 1907இல் சென்னையில் தொடங்கிய தமிழன் பத்திரிகையை, அவர் காலத்துக்குப் பிறகு, 1926இல் இங்கிருந்து மறுபடி நடத்தினார் அப்பாதுரையார். சுரங்கத் தொழிலாளி என்றால் எழுதப் படிக்கத் தெரியாதவன் என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லிவைக்க வேண்டும்.

எங்கள் அப்பா சாம்பியன் ரீஃபில் டிம்பர்மேன். பாறைக்கு மரம் முட்டுக்கொடுக்கும் வேலை. அவர் ஆடிய சதுரங்கத்தைப் பார்த்துத்தான் நான் ஆடக் கற்றேன். சிமெண்டுத் திண்ணையில் கரியால் போட்ட கட்டம். ஆண்டர்சன்பேட்டைச் சந்தையில் வாங்கிய மரக்காய்கள். காணாமல் போன ஒரு யானைக்குப் பதிலாக ஒரு நட்டு. சிப்பாய் ஓரடிதான் நகரும்; முதல் நகர்விலும் இரண்டடி கிடையாது. கேஸ்லிங் என்ற பேச்சே இல்லை. அதற்குப் பதிலாக ராஜாவுக்கு ஆட்டத்தில் ஒரே ஒரு முறை குதிரைப் பாய்ச்சல் உண்டு. அதுவரைக்கும் செக் வாங்காமல் இருந்தால்தான் பாயலாம். சிப்பாய் கடைசிக் கட்டத்துக்குப் போனால் அந்த வரிசையில் முதலில் எந்தக் காய் நின்றதோ அந்தக் காயாகத்தான் எழும். ஜி வரிசையில் போனது குதிரையாகும், ஏ வரிசையில் போனது யானையாகும். நினைத்தபடி ராணியாக்க முடியாது. சுற்றி நிற்பவர்கள் சும்மா நிற்க மாட்டார்கள். ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள். அது ஆட்டத்தின் ஒரு பகுதி. நான் அவசரப்பட்டுக் குதிரையை முன்னால் தள்ளினால் அப்பா கையைப் பிடித்துக்கொள்வார். “இன்னாடா அவசரம்? ஓரடி ஓரடியா வா. பின்னாடி ஆளு நிக்குதா பாரு, அப்புறம் போ.”

இந்தச் சட்டங்கள் எங்கள் லைனுக்கு மட்டும் சொந்தமானவை அல்ல. இந்தியா முழுக்க ஊருக்கு ஊர் சின்னச் சின்ன வேறுபாட்டோடு இப்படித்தான் ஆடினார்கள். சில ஊர்களில் தொடக்கத்தில் நான்கைந்து நகர்வுகளை ஒரே வீச்சில் வைத்துவிடும் வழக்கமும் இருந்தது. ஐரோப்பிய முறையை நம்மவர்கள் அறிந்திருந்ததற்கும் பழைய சாட்சி உண்டு: 1814இலேயே திருவேங்கடாச்சாரிய சாஸ்திரி சமஸ்கிருதத்திலிருந்து ஐரோப்பிய முறைக்குத் தகுந்தபடி மாற்றித் தந்த சதுரங்க நூல் ஒன்று பம்பாயில் அச்சாகியிருக்கிறது. எங்கள் ஊர் அன்று இருந்த மைசூர் ராஜ்யத்தின் மன்னர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார், 1831இல் ஆங்கிலேயர் ஆட்சியைப் பறித்துக்கொண்ட பிறகு, மிச்ச வாழ்நாளில் பெரும்பகுதியைப் பலகை ஆட்டங்களுக்குக் கொடுத்தார். ஒரு கட்டத்தையும் விடாமல், ஒரு கட்டத்தையும் இரண்டு முறை மிதிக்காமல், குதிரையை 64 கட்டங்களிலும் நடத்திக் காட்டும் கணக்குகளை அவர் வகுத்தார். 1868இல் இறந்தார். அவர் அரண்மனையில் குதிரைக்கு வழி போட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான், கல்கத்தாவில் இந்தக் கதையின் முக்கியமான ஆள் ஆடிக்கொண்டிருந்தார்.

அவர் பெயர் மகேஷ் சந்திர பானர்ஜி. வங்காளத்துக் கிராமப்புற பிராமணர். 1848இல் கல்கத்தாச் சதுரங்கக்காரர் ஒருவர் உள்நாட்டில் பயணம் செய்தபோது, இந்தப் பக்கத்தில் ஒருவர் இருக்கிறார், அவரை யாரும் ஜெயித்ததில்லை என்று கேள்விப்பட்டுப் போய் ஆடிப் பார்த்தார். பிறகு கல்கத்தாவுக்கு அழைத்து வந்து ஜான் காக்ரேன் எதிரில் உட்கார வைத்தார். காக்ரேன் ஸ்காட்லாந்துக்காரர், கல்கத்தா வழக்கறிஞர்களில் முதல் வரிசை ஆள், 1822இலேயே சதுரங்கத்தைப் பற்றிப் புத்தகம் எழுதியவர். அந்தக் காலத்து இந்தியாவில் ஐரோப்பிய முறையில் அவரை மிஞ்ச ஆளில்லை. மகேஷ் சந்திரருக்கு அப்போது ஐம்பதை ஒட்டிய வயது. ஐரோப்பியச் சட்டம் அவருக்குப் புதிது. தோற்றார். ஆனால் காக்ரேன் அவரை விடவில்லை. அடுத்த பல ஆண்டுகள் இருவரும் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடினார்கள்.

அந்த ஆட்டங்களை இன்று நாம் நகர்வு நகர்வாக ஆடிப் பார்க்க முடிகிறது. காரணம் ஒன்றே ஒன்று: காக்ரேனுக்கு எழுதிவைக்கும் பழக்கம் இருந்தது. எழுதியதை லண்டனுக்கு அனுப்பினார்; அங்கே சதுரங்கப் பத்திரிகைகளில் அச்சாயிற்று.

என்ன தெரிகிறது அந்தத் தாள்களில்? ஐரோப்பியர் அன்று ஆடிய சதுரங்கம் ஒரே மாதிரியாக இருக்கும். வெள்ளை இ4, கறுப்பு இ5, இரண்டு சிப்பாய்களும் இரண்டடி பாய்ந்து நெற்றிக்கு நெற்றி நிற்கும். ஒரு சிப்பாயைப் பலி கொடுத்து ராஜாவை நோக்கி ஓடுவார்கள். மகேஷ் சந்திரர் அந்தச் சந்தையிலேயே சேரவில்லை. டி6, ஜி6 என்று ஓரடி ஓரடியாக வைத்துவிட்டு, பிஷப்பை ஜி7இல் உட்கார வைத்துக்கொண்டார். இரண்டடி போகலாம் என்று புதுச் சட்டம் அனுமதித்த பிறகும் அவர் கை பழைய நடையையே நடந்தது. ஓரடிச் சிப்பாயோடு வளர்ந்தவருக்கு அது இயல்பு. சிப்பாய் ஓரடிதான் போகும் என்றால், நடுக்கட்டங்களில் சீக்கிரம் மோதல் வராது. பிஷப்புக்கு நேர் வழி திறக்காது. பக்கவாட்டில் ஜன்னல் வைத்துத்தான் பிஷப்பை வெளியே விட வேண்டும். ராஜாவை மூலைக்கு அனுப்பத் தாராளமாக நேரம் இருக்கும். இந்த எல்லாப் பழக்கங்களையும் அவர் ஐரோப்பியப் பலகைக்கு எடுத்து வந்தார்.

1851 வாக்கில் ஆடிய ஓர் ஆட்டத்தில் காக்ரேன் சி4, டி4, இ4, எஃப்4 என்று நான்கு சிப்பாய்களையும் ஒரே வரிசையில் முன்னால் அணிவகுத்து நிறுத்திவிட்டார். இன்றைய பிள்ளைகள் இதை நான்கு சிப்பாய்த் தாக்குதல் என்று பெயர் சொல்லிப் படிக்கிறார்கள். மகேஷ் சந்திரர் கேஸ்லிங் முடித்து, பிஷப்பை ஜி4க்கு அனுப்பி, ஏழாவது நகர்வில் இ5 என்று நடுவில் ஓர் அடி அடித்தார். ஒன்பதாவது நகர்வில் இ4இல் குதிரையைப் பலி கொடுத்தார். வெள்ளையின் சுவர் இடிந்தது. ராணிகள் பலகையை விட்டுப் போன பிறகும் தாக்குதல் நிற்கவில்லை, ஜெயித்தது அவர். இதைப் பிள்ளைகளுக்கு நான் ஆடிக் காட்டும்போது, தேதியைச் சொல்லாமல்தான் காட்டுவேன். போன வருஷம் யாரோ ஆடியது என்றுதான் நினைப்பார்கள்.

1855 மே மாதத்து ஆட்டம் இன்னும் வியப்பு. வெள்ளை டி4, கறுப்பு குதிரை எஃப்6, சி4, ஜி6, குதிரை சி3, டி5. மூன்றாவது நகர்விலேயே டி5! இந்தத் தொடக்கத்துக்கு இன்று குரூன்ஃபெல்ட் தற்காப்பு என்று பெயர். எர்ன்ஸ்ட் குரூன்ஃபெல்ட் என்ற வியன்னாக்காரர் 1922இல் இதை ஆடி, அதே ஆண்டில் அலெகைனையே தோற்கடித்தார். அதனால் பெயர் அவருக்குப் போயிற்று. கல்கத்தாவில் அது பலகை ஏறி அப்போது 67 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆறாவது நகர்வில் சிப்பாயை வெட்டிக்கொண்டு, எட்டாவது நகர்வில் சி5 என்று வெள்ளையின் நடுவை அடிப்பது வரைக்கும் இன்றைய புத்தகத்தில் இருப்பதுதான்.

அந்த ஆட்டத்தில் மகேஷ் சந்திரர் தோற்றார். தொடக்கம் நன்றாக இருந்தது. நடு ஆட்டத்தில் ராணியை ஏ5, பி6, டி8 என்று அலையவிட்டார். காக்ரேன் குதிரையை எஃப்7இல் போட்டார். அங்கிருந்து வந்த முடிவை எங்கள் பிள்ளைகள் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள்: குதிரை எச்6க்குப் போய் இரட்டைச் செக், ராஜா எச்8, வெள்ளை ராணி தன்னையே ஜி8இல் கொடுக்கும், யானைதான் அதை வெட்ட முடியும், வெட்டிய யானையே ராஜாவுக்கு வழியை அடைத்துவிடும், குதிரை மறுபடி எஃப்7க்கு வந்து செக்மேட். ராஜாவைச் சுற்றி அவருடைய ஆட்களே நிற்க, மூச்சு முட்டிச் சாகிற சாவு.

தோற்ற ஆட்டம் என்பதால் எனக்கு அதன்மேல் மதிப்புக் கூடத்தான் செய்கிறது. ஜெயித்தவன் ஆட்டத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துவைப்பார்கள். ஒரு புதிய யோசனை தோற்ற ஆட்டத்துக்குள் ஒளிந்திருக்கும்போது, தாள் இல்லையென்றால் அது போனது போனதுதான். மகேஷ் சந்திரரைப் போல இன்னொருவரும் அந்தக் கல்கத்தாப் பலகையில் ஆடினார். சௌம்சர்ன் குட்டக் என்று ஆங்கிலத் தாள்களில் பெயர் இருக்கிறது, வங்காளிப் பெயரைக் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார்கள். காக்ரேன் எதிரில் உட்காராத மற்றவர்கள்? மதுரையில், தஞ்சாவூரில், மைசூரில், லாகூரில் ஆடியவர்கள்? அவர்களில் எத்தனை பேர் எத்தனை தொடக்கங்களைக் கண்டுபிடித்தார்களோ, யாரும் எழுதவில்லை.

எழுத்தும் புத்தகமும் இல்லாததன் விலையைச் சுல்தான் கான் கொடுத்தார். பஞ்சாபில் நம் முறையில் ஆடி வளர்ந்தவர். பெரிய நிலக்கிழார் உமர் ஹயாத் கான் வீட்டில் பணியிலிருந்தார். எஜமானோடு 1929இல் லண்டன் போனார், அந்த ஆண்டே பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். 1932, 1933 ஆண்டுகளிலும் ஆனார். 1930இன் கடைசியில் தொடங்கிய ஹேஸ்டிங்ஸ் போட்டியில் காபபிளாங்காவை ஜெயித்தார். இறுதி ஆட்டத்தில் அவரை அசைக்க முடியாது. தொடக்கத்தில்தான் ஒவ்வொரு முறையும் அடி வாங்கினார். எதிரே இருப்பவர்கள் முப்பது ஆண்டுப் புத்தகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இவர் ஒவ்வொரு முறையும் முதல் நகர்விலிருந்தே தானாக யோசிக்க வேண்டியிருந்தது. எஜமானோடு இந்தியா திரும்பியதோடு அவருடைய சர்வதேசப் போட்டிகளும் முடிந்தன.

இந்தக் குறையை நம் பக்கத்தில் தீர்த்துவைத்த மனிதர் மானுவேல் ஆரோன். பர்மாவில் 1935இல் பிறந்த தமிழர், தமிழ்நாட்டில் வளர்ந்தார். அகில இந்தியச் சதுரங்கக் கூட்டமைப்பு 1951இல்தான் அமைந்தது. முதல் தேசியப் போட்டி 1955இல் ஏலூரில் நடந்தது. ஆரோன் 1959இல் தேசியச் சாம்பியன். மொத்தம் ஒன்பது முறை. 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர். 1960 லைப்சிக் ஒலிம்பியாடில் முன்னாள் உலகச் சாம்பியன் மாக்ஸ் ஆய்வேயை ஜெயித்தார். 1962 ஸ்டாக்ஹோமில் போர்ட்டிஷையும் ஊல்மனையும். இவையெல்லாம் பட்டியலில் கிடைக்கும். நான் அவரை வணங்குவது வேறொன்றுக்காக. 1960கள் வரைக்கும் இங்கே பெரும்பாலான ஊர்களில் நம் முறையே நடந்துகொண்டிருந்தது. ஊர் ஊராகக் குழு அமைத்து, சர்வதேசச் சட்டத்தைச் சொல்லிக் கொடுத்து, தொடக்கங்களைப் படி, ஆட்டத்தை எழுது, எழுதியதைத் திரும்ப ஆடிப் பார் என்று ஓயாமல் சொன்னவர் அவர். 1972இல் சென்னையில் சோவியத் கலாச்சார மையத்தில் தால் சதுரங்கக் கழகம் தொடங்கியபோது அங்கே ரஷ்யப் புத்தகங்கள் இருந்தன, கடிகாரங்கள் இருந்தன. 1978இல் பரமக்குடி ரவிக்குமார் டெஹ்ரானில் ஆசிய ஜூனியர் பட்டம் வாங்கி, நாட்டின் இரண்டாவது சர்வதேச மாஸ்டர் ஆனார். பரமக்குடி! எங்கள் ஊரைப் போன்ற ஊர்ப் பிள்ளைகளிடம் அந்தப் பெயரைச் சொல்லும்போது முகம் மாறும்.

அதே தால் கழகத்தில் பிளிட்ஸ் ஆடி வளர்ந்த பையன்தான் ஆனந்த். அம்மா சுசீலா காய் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார். 1983இல் தேசிய சப்-ஜூனியரில் ஒன்பதுக்கு ஒன்பது. 1984இல் கோயம்புத்தூரில் ஆசிய ஜூனியர். 1987இல் பிலிப்பைன்ஸின் பாகியோ நகரில் உலக ஜூனியர். 1951இல் பர்மிங்ஹாமில் தொடங்கிய அந்தப் போட்டியை அதுவரை இந்தியர் யாரும் ஜெயித்ததில்லை. அந்த ஆண்டு இரண்டாவது இடம் இவான்சுக்குக்கு. பாகியோவில் பல்கேரியாவின் நினோவை சிசிலியனில் வெள்ளைக் காயோடு வீழ்த்திய ஆட்டத்தைத்தான், பிற்பாடு தன் சிறந்த ஆட்டங்களைப் புத்தகமாக்கியபோது ஆனந்த் முதலில் வைத்தார். அப்போது நான் பள்ளிக்கூடப் பையன். பேப்பரில் செய்தி வந்த அன்றைக்கு அப்பா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “அந்தப் புள்ள சிப்பாய ரெண்டடி தள்ளித்தான் ஆரம்பிக்குதா?” ஆமாம் என்றேன். இ4தான் அவர் வழக்கம். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் அந்த வாரமே எனக்கு ஒரு நோட்டு வாங்கித் தந்தார், ஆட்டம் எழுதிவைக்க. லைனில் எழுதப்பட்ட முதல் ஆட்டங்கள் அந்த நோட்டில் இருக்கின்றன. அதற்கு முன்னால் ஆடியவை, அப்பாவுடைய ஆட்டங்களும் சேர்த்து, எங்கேயும் இல்லை.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேல் தங்கம் எடுத்த இடம். அதற்குப் பிறகு இந்த ஊர் ரயிலில் வாழ்கிறது. மாரிக்குப்பத்தில் ஏறி, சாம்பியன், உரிகம், கோரமண்டல் தாண்டி, பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் ராத்திரி திரும்புகிறவர்கள் ஆயிரக்கணக்கில். போட்டிக்குப் போகும் பிள்ளைகளையும் அதே ரயிலில்தான் கூட்டிப் போகிறேன். விடியுமுன் ஏறினால்தான் முதல் சுற்றுக்குப் போய்ச் சேர முடியும். நுழைவுக் கட்டணம், ரயில், சாப்பாடு என்று கணக்குப் பார்த்துத்தான் ஒரு பிள்ளையை ஒரு போட்டிக்கு அனுப்ப முடிகிறது. எதிரே உட்காரும் பெங்களூருப் பிள்ளைக்கு வீட்டிலேயே மாஸ்டர் வந்து சொல்லித் தருவார். தோல்வியை நான் இதன்மேல் போடுவதில்லை. ஆனால் சொல்லாமல் விடவும் முடியாது.

பயிற்சியாளரும் பெற்றோரும் ஆட்டக் கூடத்துக்குள் போகக் கூடாது. வெளியே நிற்க வேண்டும். உள்ளே என்ன நடந்தது என்று எனக்குத் தெரிவதெல்லாம் பிள்ளை கொண்டு வரும் தாளில்தான். கார்பன் வைத்த இரட்டைத் தாள். மேல் தாள் நடுவருக்கு, மங்கலான அடித்தாள் பிள்ளைக்கு. அப்படி எனக்கு வந்த ஒரு தாளைப் பற்றிச் சொல்கிறேன். சாம்பியன் ரீஃபுப் பக்கத்துப் பெண், அப்போது பதினொரு வயது. கறுப்பு. கிங்ஸ் இந்தியன். எதிரே நன்றாகத் தேறிய பையன். 1953இல் மார் டெல் பிளாட்டாவில் கிளிகோரிச் ஆடிக் காட்டியதால் அந்த ஊர்ப் பெயராலேயே அழைக்கப்படும் கிளைக்குள் இருவரும் போயிருக்கிறார்கள். எட்டாவது நகர்வில் வெள்ளை டி5 என்று நடுவை மூடிவிட்டது. கறுப்புக் குதிரை இ7க்கு இறங்கியது. இங்கே பலகை இரண்டாகப் பிளந்துவிடும். வெள்ளைக்கு இடப்பக்கம், சி5 என்று உடைத்துக்கொண்டு சி வரிசை வழியாகப் புக வேண்டும். கறுப்புக்கு வலப்பக்கம், எஃப்5, எஃப்4, ஜி5, ஜி4 என்று ஓரடி ஓரடியாக ராஜாவை நோக்கி நடக்க வேண்டும். யார் முதலில் போய்ச் சேருகிறார்களோ அவர் பிழைப்பார்.

அவளுக்கு நான் சொல்லிக் கொடுத்திருந்தது பதின்மூன்றாவது நகர்வில் ஜி5 வரைக்கும்தான். தாளில் பதினாறாவது நகர்வில் வெள்ளைக் குதிரை பி5க்கு வந்திருக்கிறது. பின்னால் சி1இல் யானை நிற்கிறது. அடுத்த நகர்வில் அந்தக் குதிரை சி7இல் குதித்தால் ஏ8 யானை போச்சு; ராணியால் அதை வெட்டினால் ராணியே போகும். இந்த வயதில் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? பயந்து ஏ6 என்று குதிரையைத் துரத்துவார்கள், அல்லது ஒன்றையும் பார்க்காமல் ஜி4 என்று பாய்வார்கள். அவள் தாளில் முதலில் ஏதோ எழுதி, அடித்து, அதன்மேல் இன்னொன்று எழுதியிருந்தாள். பென்சில் அழுத்தத்தில் கார்பன் இரண்டு தடவை பதிந்திருந்தது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோதுதான் படிக்க முடிந்தது. யானை எஃப்7.

எஃப்8இல் நின்ற யானையை ஒரே ஓர் அடி முன்னால் வைத்திருக்கிறாள். எஃப்7இல் நிற்கும் யானை ஏழாம் வரிசை நெடுகப் பார்த்து சி7ஐக் காக்கும்; வெள்ளைக் குதிரை அங்கே இறங்க முடியாது. காலியான எஃப்8இல் பிஷப் போய் டி6 சிப்பாய்க்குத் துணை நிற்கலாம். பிறகு அதே யானை ஜி7க்கு வந்து, ராஜா மேல் நடக்கும் தாக்குதலில் சேரும். காக்க ஒன்று, தாக்க ஒன்று என்று இரண்டு வேலையை அந்த ஓரடி செய்கிறது. பெரிய மாஸ்டர்களின் ஆட்டங்களில் இருக்கும் நகர்வுதான்; புத்தகத்தில் இருக்கிறது. அவள் புத்தகம் பார்த்ததில்லை.

“எப்படிம்மா கண்டுபிடிச்ச?” என்று கேட்டேன்.

“சி7ல அவன் வந்துடுவான்னு பயமா இருந்துச்சு சார். யாரு அங்க பாத்துக்குவாங்கன்னு ஒவ்வொரு காயா கேட்டுப் பாத்தேன். யானைதான் சும்மா இருந்துச்சு.”

அந்த ஆட்டம் டிராவில் முடிந்தது. அவளுக்கு அது வருத்தம். ஜெயித்திருக்கலாம் என்று ரயிலில் வரும்போதும் சொல்லிக்கொண்டே வந்தாள். நாற்பதாவது நகர்வுப் பக்கம் ஜெயிக்கிற வழி இருந்ததை அவளே காட்டினாள். தாள் கையில் இருந்ததால் காட்ட முடிந்தது.

இதற்குப் பிறகு எனக்குள் ஓர் எண்ணம் வலுத்தது. ஓரடி ஆட்டம் ஆடிய பெரியவர்கள் இன்னும் சிலர் லைன்களில் இருக்கிறார்கள். எழுபது, எண்பது வயது. சுரங்கத் தூசி மிச்சம் வைத்த நுரையீரலோடு இருப்பவர்கள். அவர்கள் போய்விட்டால், அந்தச் சட்டங்கள் என்னவென்று சொல்லக்கூட ஆள் இருக்காது. வெள்ளைக்காரர் எழுதிய சதுரங்க வரலாற்று நூல்களில் இந்திய முறை என்று சில பக்கங்கள் உண்டு. அதில் எங்கள் லைன் இல்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பெரியவரை உட்கார வைத்து, அவர் சட்டப்படியே பிள்ளைகளை அவரோடு ஆடச் சொல்கிறேன். ஒரு பிள்ளை ஆடும், இன்னொரு பிள்ளை எழுதும்.

எழுதுவதில் சிக்கல்கள் வருகின்றன. சர்வதேசக் குறியீட்டில் ராஜாவின் குதிரைப் பாய்ச்சலுக்குக் குறி கிடையாது. பிள்ளைகள் தாங்களே ஒன்று வகுத்தார்கள்: ராஜாவின் எழுத்துக்கும் கட்டத்துக்கும் நடுவில் குதிரையின் எழுத்து. ஒரு பெரியவர் செக் வாங்கிய ராஜா பாயவே கூடாது என்கிறார். இன்னொருவர், செக் வாங்கினாலும் நடுவில் ஒரு காய் வைத்து மறைத்துவிட்டால் பாயும் உரிமை போகாது என்கிறார். இருவரும் ஒரே சாஃப்டில் இறங்கியவர்கள், லைன்தான் வேறு. கடைசி வரிசைக்கு ராஜாவின் சிப்பாய் போனால் என்ன ஆகும் என்பதில் அவர்களுக்குள் பெரிய சண்டையே வந்தது. ஒருவர் ராணியாகும் என்கிறார், மற்றவர் அந்த வரிசையில் சிப்பாயைக் கொண்டுபோகவே மாட்டோம் என்கிறார். இரண்டையும் எழுதிவைத்திருக்கிறோம், யார் சொன்னது, எந்த லைன் என்ற விவரத்தோடு.

நந்திதுர்கம் பக்கத்திலிருந்து இன்னொரு பெரியவர் வருவதாகச் சொல்லியனுப்பியிருக்கிறார். அவர்கள் பக்கத்தில் ராஜா, ராணி இருவருடைய சிப்பாய்க்கு மட்டும் முதல் நகர்வில் இரண்டடி உண்டாம். எஃப்7இல் யானை வைத்த பெண் அவரோடு ஆட வேண்டும் என்று இப்போதே இடம் பிடித்துவிட்டாள், அவளுக்குக் கறுப்பு. எழுதப்போவது அவள் தம்பி.